காவலரை யார் தேர்ந்தெடுப்பது? செபி தலைவருக்கு ஒரு சிறு பங்குதாரரின் திறந்த மடல்

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் தலைவர் திரு. துஹின் காந்த பாண்டே அவர்களுக்கும் செபி வாரிய உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். பெரிய முதலீட்டாளர் எல்லாம் இல்லை. சில கம்பெனிகளில் கொஞ்சம் கொஞ்சம் பங்கு, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் எஸ்ஐபி, அவ்வளவுதான். ஆண்டறிக்கை வந்தால் முன்பக்கத்து வண்ணப் படங்களைத் தள்ளிவிட்டு நேராகப் பின்பக்கத்து நோட்ஸுக்குப் போகிற கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. டிவிடெண்டு வரவில்லை, பங்கு பெயர் மாறவில்லை என்ற புகாராக இருந்தால் உங்கள் ஸ்கோர்ஸ் தளத்திலேயே போட்டிருப்பேன். இது அந்தப் பெட்டிகளில் அடங்காத விஷயம், அதனால்தான் மடல்.

சொல்ல வந்தது ஒன்றுதான். லிஸ்ட் ஆன ஒவ்வொரு கம்பெனியின் போர்டிலும் எங்களைப் போன்றவர்களின் நலனைப் பார்த்துக்கொள்ளச் சுயாதீன இயக்குநர்கள், அதாவது கம்பெனியை நடத்துகிறவர்களைச் சாராத வெளியாட்கள், இருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறீர்கள். ஆனால் யாரைக் கண்காணிக்க அவரை வைக்கிறீர்களோ, அந்தப் புரமோட்டர்தான், அதாவது கம்பெனியைக் கையில் வைத்திருக்கும் முதலாளிதான், அவரைத் தேர்ந்தெடுக்கிறார். இதை மாற்ற, புரமோட்டர் அல்லாத பங்குதாரர்களின் பெரும்பான்மையும் தனியாக வேண்டும் என்று 2021 மார்ச்சில் நீங்களே ஒரு நல்ல யோசனையை முன்வைத்தீர்கள், ஜூன் மாதமே கைவிட்டீர்கள். அதை மறுபடியும் எடுங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவும்.

ஏன் இப்போது என்று கேட்கலாம். உங்களுடைய 2025 ஏப்ரல் 15 இடைக்கால உத்தரவு, ஜென்சால் இன்ஜினீயரிங் என்ற லிஸ்ட் ஆன கம்பெனி பற்றியது, அதை உட்கார்ந்து படித்ததிலிருந்து எனக்கு இந்த எண்ணம் போகவில்லை. ஐரெடா, பிஎஃப்சி என்ற இரண்டு அரசு நிறுவனங்கள் கொடுத்த கடன் 977.75 கோடி ரூபாய். அதில் 663.89 கோடி, 6,400 மின்சாரக் கார்கள் வாங்குவதற்கு. வாங்கியது 4,704 கார்கள். கம்பெனி தன் பங்காகப் போட வேண்டிய பணத்தையும் சேர்த்துப் பார்த்தால் 262 கோடிச் சொச்சத்துக்குக் கணக்கு இல்லை என்கிறது உத்தரவு. குருகிராமில் பணக்காரர்கள் வாழ்கிற அடுக்குமாடி ஒன்றில் 42.94 கோடி ரூபாய் வீட்டுக்குப் பணம் எந்த வழியாகச் சுற்றிப் போனது என்று படம் வரைந்தே காட்டியிருந்தீர்கள். 26 லட்சத்துக்கு ஒரு கோல்ஃப் செட். (நான் வண்டி வாங்கக்கூட அவ்வளவு செலவழித்ததில்லை, அது கிடக்கட்டும்.)

அந்த உத்தரவில் எனக்கு மிகவும் பிடித்த இடம் புனே ஆலை. தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இயின் அதிகாரி ஒருவர் நேரில் போய்ப் பார்க்கிறார், இரண்டு மூன்று தொழிலாளர்கள்தான் இருக்கிறார்கள். மின்கட்டண பில்லைக் கேட்கிறார். முந்தைய ஓராண்டில் அதிகபட்ச பில் 2024 டிசம்பரில், 1,57,037 ரூபாய். கார் தயாரிக்கிற இடத்துக்கு இந்தக் கரண்ட் பில்லா என்ற சாதாரணச் சந்தேகம் ஒரு அதிகாரிக்கு வந்தது. நியாயமாக இந்தச் சந்தேகம் முதலில் யாருக்கு வந்திருக்க வேண்டும்? போர்டில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு. அவர்கள் என்ன செய்தார்கள்? உத்தரவு வெளியான சில நாட்களுக்குள் சுயாதீன இயக்குநர்கள் வரிசையாக ராஜினாமா செய்தார்கள். இது இடைக்கால உத்தரவுதான், இறுதித் தீர்ப்பு இல்லை என்பது தெரியும். ஆனாலும் வீடு எரிந்து முடிந்தபின் வாட்ச்மேன் வேலையை விட்டுப் போவதைத்தான் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்தச் சுயாதீன இயக்குநர் ஏற்பாடு இங்கே முளைத்தது இல்லை. 1992-இல் பிரிட்டனில் கம்பெனி நிர்வாகம் பற்றி வந்த கேட்பரி கமிட்டி அறிக்கைக்குப் பிறகு உலகமெல்லாம் பரவி, இங்கே 1999-இல் குமார மங்கலம் பிர்லா கமிட்டி, 2000-இல் லிஸ்டிங் ஒப்பந்தத்தில் 49-ஆம் பிரிவு, 2003-இல் நாராயண மூர்த்தி கமிட்டி என்று படிப்படியாக வந்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பெரிய கம்பெனிகளின் பங்குகள் ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடக்கும். உரிமையாளர் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. அதனால் அங்கே பயம் சிஇஓவைப் பற்றி, சம்பளத்துக்கு வந்த ஆள் கம்பெனியைத் தன் இஷ்டத்துக்கு ஓட்டிவிடுவாரோ என்று. அந்த ஊருக்கு அந்தச் சட்டம் சரி. நம்மிடம் அப்படியா இருக்கிறது? அப்பா சேர்மன், மகன் எம்டி, மருமகள் டைரக்டர், குடும்பத்திடம் பாதிக்கு மேல் பங்கு. இங்கே சிஇஓவைக் கேள்வி கேட்கத் தனியாக ஆள் வைக்க வேண்டியதே இல்லை, குடும்பமே கேட்டுக்கொள்ளும். குடும்பத்தை யார் கேட்பது என்பதுதான் நம்முடைய சிக்கல். அந்தச் சிக்கலுக்கு, குடும்பம் கைகாட்டி, குடும்பத்தின் ஓட்டிலேயே ஜெயித்து வருகிற ஒருவரைப் பதிலாக வைத்திருக்கிறோம்.

சத்யம் என்ற ஹைதராபாத் சாஃப்ட்வேர் கம்பெனியின் கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. பழைய கதைதான், ஆனால் ஒரு தேதியை மட்டும் நினைவுபடுத்துகிறேன். எல்லோரும் 2009 ஜனவரி 7-ஐ, அதன் சேர்மன் ராமலிங்க ராஜு பொய்க் கணக்கு எழுதியதைக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்ட நாளைச் சொல்வார்கள். எனக்கு முக்கியமான நாள் அதற்கு மூன்று வாரம் முந்தியது, 2008 டிசம்பர் 16. ராஜு குடும்பத்தின் இரண்டு மேடாஸ் கம்பெனிகளை, அதாவது சாஃப்ட்வேர் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத ரியல் எஸ்டேட், கட்டுமானக் கம்பெனிகளை, 160 கோடி டாலருக்கு வாங்கலாம் என்று அன்று போர்டு ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அந்த போர்டில் ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார், முன்னாள் கேபினட் செயலாளர் இருந்தார், நாட்டின் பெயர்பெற்ற பிசினஸ் ஸ்கூல் ஒன்றின் டீன் இருந்தார். அதே ஆண்டுதான் நல்ல நிர்வாகத்துக்கான கோல்டன் பீகாக் விருதும் சத்யத்துக்குக் கிடைத்தது. தகுதிக்குக் குறைவில்லை, விதிக்கும் குறைவில்லை. கடைசியில் தடுத்தது யார்? நியூயார்க்கில் சத்யம் ஏடிஆரை (அங்கே கைமாறும் அதன் பங்குப் பத்திரத்தை) விற்றுத் தள்ளிய முதலீட்டாளர்கள். விலை பாதிக்கு மேல் விழுந்ததும் சில மணி நேரத்திலேயே திட்டத்தைக் கைவிட்டார்கள்.

பின்கதை இன்னும் கசப்பு. அமெரிக்காவில் கூட்டாக வழக்குப் போட்ட முதலீட்டாளர்களுக்கு சத்யம் 12.5 கோடி டாலர், ஆடிட்டர் தரப்பு 2.55 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். அதே பங்கை ஹைதராபாத்திலும் கோயம்புத்தூரிலும் வாங்கியவர்களுக்கு அப்படி ஒரு வழியே அன்றைய நம் சட்டத்தில் இல்லை. 2013 கம்பெனிச் சட்டத்தில் கூட்டு வழக்குக்கு வழிவிடும் 245-ஆம் பிரிவு வந்ததே அதற்குப் பிறகுதான். அந்தப் பிரிவின் கீழ் இதுவரை வந்த வழக்குகளை விரல் விட்டு எண்ணலாம். நஷ்டம் வந்தபிறகு கோர்ட்டுக்குப் போவது நம் நாட்டில் நடைமுறைக்கு ஆகிற வேலை இல்லை, அதனால்தான் முன்கூட்டியே போர்டில் சரியான ஆள் இருப்பது அமெரிக்காவைவிட நமக்கு அதிகம் தேவை.

சரி, இப்போது நியமனம் எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். 2022 ஜனவரியிலிருந்து சுயாதீன இயக்குநர் நியமனத்துக்கும் மறுநியமனத்துக்கும் நீக்கத்துக்கும் சிறப்புத் தீர்மானம் வேண்டும் என்று ஆக்கினீர்கள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சிறப்புத் தீர்மானம் என்றால் ஆதரவு ஓட்டு, எதிர்ப்பு ஓட்டைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். புரமோட்டரிடம் 75 சதவீதம் இருக்கிற கம்பெனியில் (சட்டம் அனுமதிக்கிற உச்சவரம்பு அது) வெளியே இருக்கிற 25 சதவீதப் பங்குதாரர்கள் ஒருவர் விடாமல் எதிர்த்து ஓட்டுப் போட்டாலும் தீர்மானம் நிறைவேறிவிடும். 60 சதவீதம் இருக்கிற கம்பெனியில்? எதிர்ப்பு 20 சதவீதத்தைத் தாண்டினால்தான் தோற்கும். அதாவது வெளியே இருக்கிற 40 சதவீதத்தில் பாதிக்கு மேல் ஓட்டுப் போட வந்து, வந்தவர்கள் அத்தனை பேரும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். ஓட்டே போடாமல் இருக்கிற சில்லறை முதலீட்டாளரின் பங்கு புரமோட்டருக்கு ஆதரவு மாதிரியே வேலை செய்கிறது.

நீக்கம் எப்படி நடந்தது என்பதையும் நாடே பார்த்தது. 2016 அக்டோபரில் டாடா குழுமத்தின் தாய்க் கம்பெனியான டாடா சன்ஸின் தலைவர் பதவியிலிருந்து சைரஸ் மிஸ்திரி நீக்கப்பட்டார். குழுமக் கம்பெனிகள் மூன்றில் சுயாதீன இயக்குநரான நுஸ்லி வாடியா அவர் பக்கம் நின்றார். டிசம்பரில் டாடா ஸ்டீல், டாடா மோட்டார்ஸ், டாடா கெமிக்கல்ஸ் மூன்றிலும் அடுத்தடுத்த நாட்களில் சிறப்புப் பொதுக்கூட்டம், மூன்றிலும் டாடா சன்ஸ் கொண்டுவந்த தீர்மானம், மூன்றிலும் வாடியா வெளியே. யார் பக்கம் நியாயம் என்ற பஞ்சாயத்துக்குள் நான் போகவில்லை. புரமோட்டரோடு ஒத்துப்போகாத சுயாதீன இயக்குநருக்குப் புரமோட்டரின் ஓட்டாலேயே முடிவு வரும் என்பதை மற்ற எல்லா இயக்குநர்களும் அன்று கவனித்திருப்பார்கள் என்று மட்டும் சொல்கிறேன். கூட்டத்துக்கு ஒரு லட்சம் வரை அமர்வுக் கட்டணம், லாபத்தில் கமிஷன், ஐந்து வருடம் முடிந்ததும் இன்னொரு ஐந்து வருடம் கிடைக்குமா என்ற எதிர்பார்ப்பு. இதை எல்லாம் பணயம் வைத்து, சேர்மனின் மச்சான் கம்பெனிக்கு ஏன் இவ்வளவு வாடகை என்று கேட்க எத்தனை பேருக்கு மனசு வரும்? மனிதர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஏற்பாடு அப்படி.

உங்கள் 2021 மார்ச் கலந்தாய்வு அறிக்கை இந்த இடத்தைச் சரியாகப் பிடித்திருந்தது. நியமனத்துக்கு இரண்டு கட்ட ஓட்டு, எல்லாப் பங்குதாரர்களும் சேர்ந்து ஒரு பெரும்பான்மை, புரமோட்டர் அல்லாதவர்களில் தனியாக ஒரு பெரும்பான்மை, இரண்டும் வேண்டும் என்றது. அதிலும் புரமோட்டருக்கு ஒரு வழி விட்டிருந்தீர்கள். தோற்றால் 90 நாள் பொறுத்து, 120 நாளுக்குள் அதே ஆளைச் சிறப்புத் தீர்மானத்தில் மறுபடி நிறுத்தலாம் என்று. இதைவிட மென்மையாக ஒரு சீர்திருத்தத்தை எழுத முடியுமா தெரியவில்லை. அதையும் தாங்க மாட்டோம் என்றார்கள் போலிருக்கிறது, ஜூன் மாத வாரியக் கூட்டத்தில் அது போய், வெறும் சிறப்புத் தீர்மானம் மட்டும் மிஞ்சியது.

வேடிக்கை என்னவென்றால், 2022 நவம்பரில் அதே இரட்டை ஓட்டுக் கணக்கை விதியில் சேர்த்தீர்கள். ஆனால் தலைகீழாக. சிறப்புத் தீர்மானம் தோற்றுப்போனாலும், மொத்தத்திலும் பொதுப் பங்குதாரர்களிலும் ஆதரவு எதிர்ப்பைவிட அதிகம் என்றால் நியமனம் செல்லும் என்று. தோற்றவரைக் காப்பாற்ற எங்கள் பெரும்பான்மையை எண்ணுகிறீர்கள், வேண்டாதவரைத் தடுக்க மட்டும் எண்ண மாட்டேன் என்கிறீர்கள். கம்பெனிகள் ஒவ்வொரு பொதுக்கூட்டத்துக்கும் பிறகு இரண்டு வேலை நாளுக்குள் வெளியிடுகிற ஓட்டு முடிவு அட்டவணையை எடுத்துப் பாருங்கள், புரமோட்டர், பொது நிறுவனங்கள், பொது மற்றவர்கள் என்று மூன்று வரிசை தனித்தனியாக இருக்கும். முதல் வரிசையை விரலால் மறைத்துக்கொண்டு கூட்டினால் போதும். புதிதாக எந்தச் சாஃப்ட்வேரும் வேண்டாம். நாடாளுமன்றமும் வேண்டாம், முதல் நியமனத்துக்குக் கம்பெனிச் சட்டம் கேட்காத சிறப்புத் தீர்மானத்தை உங்கள் 2015 லிஸ்டிங் விதிமுறைகளில் நீங்களே சேர்த்தீர்கள் இல்லையா, அதே கையால் இதையும் சேர்க்கலாம்.

வளரும் நாட்டில் இவ்வளவு கெடுபிடி கூடாது, தொழில் நடத்துகிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்பார்கள். சிறுபான்மைக்கு ஓட்டுரிமை கொடுத்தால் என்ன ஆகும் என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோமே. சம்பந்தப்பட்ட தரப்புடன், அதாவது புரமோட்டர், அவருடைய மற்றக் கம்பெனிகள் போன்றவர்களுடன், பெரிய பரிவர்த்தனை என்றால் அந்தத் தரப்பு ஆதரித்து ஓட்டுப் போட முடியாது என்று விதி இருக்கிறது. 2024 மே மாதம் நெஸ்லே இந்தியா, சுவிட்சர்லாந்து தாய்க் கம்பெனிக்குக் கொடுக்கிற ராயல்டியை 4.5 சதவீதத்திலிருந்து படிப்படியாக 5.25 ஆக்கத் தீர்மானம் கொண்டுவந்தது. பதிவான ஓட்டில் 57 சதவீதம் எதிர்ப்பு, தீர்மானம் தோற்றது. மேகி கடையிலிருந்து காணாமல் போய்விட்டதா? சுவிட்சர்லாந்துக்காரர்கள் மூட்டை கட்டிவிட்டார்களா? பழைய 4.5 சதவீதத்திலேயே கம்பெனி ஓடுகிறது. இஸ்ரேலில் வெளி இயக்குநர் நியமனத்துக்குக் கட்டுப்பாட்டுப் பங்குதாரர் அல்லாதவர்களின் ஆதரவு வேண்டும். இத்தாலியில் சிறுபான்மைப் பங்குதாரர்கள் தனிப் பட்டியல் போட்டு ஒருவரையாவது போர்டுக்குள் அனுப்பலாம். இரண்டுமே குடும்பக் கம்பெனிகள் நிறைந்த ஊர்கள்தான், பிரிட்டனைவிட நம் சாயல் அங்கேதான் அதிகம்.

சில்லறை முதலீட்டாளர்கள் ஓட்டே போடுவதில்லை, அவர்களுக்கு எதற்கு உரிமை என்ற வாதத்தில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு பதில், மியூச்சுவல் ஃபண்டுகள் எல்லாத் தீர்மானங்களிலும் ஓட்டுப் போட வேண்டும் என்று 2022 ஏப்ரலிலிருந்து நீங்களே கட்டாயமாக்கிவிட்டீர்கள். எஸ்ஐபி போடுகிறவர்கள் சார்பில் ஓட்டு விழத்தான் செய்கிறது. நேரடியாகப் பங்கு வைத்திருப்பவர் ஏன் போடுவதில்லை என்பதற்கு ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன்.

முன்பெல்லாம் சென்னையில் ஏஜிஎம், அதாவது ஆண்டுப் பொதுக்கூட்டம் என்றால் மியூசிக் அகாடமி, நாரத கான சபா என்று சபாக்களில் நடக்கும். டிபன் பொட்டலத்துக்காக வருகிறவர்கள் பாதிப் பேர் என்று கிண்டல் செய்வார்கள், பிறகு கூட்டத்தில் பரிசு எதுவும் கொடுக்கக்கூடாது என்று செக்ரட்டரியல் விதியே வந்தது. ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒரு வசதி இருந்தது, எழுந்து நின்று கத்தினால் மேடைக்குக் கேட்கும். கொரோனா வந்த 2020-இலிருந்து எல்லாம் வீடியோவில். பேச வேண்டும் என்றால் சில நாள் முன்பே மெயில் அனுப்பி ஸ்பீக்கராகப் பதிய வேண்டும். பெயர் வேண்டாம், ஒரு கம்பெனியின் கூட்டத்தில் அப்படிப் பதிந்து காத்திருந்தேன். எனக்கு முன்னால் பேசியவர்களில் ஒருவர் சேர்மனுக்கு வாழ்த்துப் பா பாடினார், இன்னொருவர் போனஸ் பங்கு கேட்டார். என் முறையில், புரமோட்டர் குடும்பத்தின் தனிக் கம்பெனிக்குச் சொந்தமான கட்டடத்துக்குக் கொடுக்கும் வாடகை எந்த அடிப்படையில் உயர்ந்தது, ஆடிட் கமிட்டித் தலைவர் (கணக்குகளைக் கண்காணிக்கும் போர்டு குழுவின் தலைவர்) சொல்ல முடியுமா என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் என் மைக் அணைந்தது. திரையில் ஆடிட் கமிட்டித் தலைவர் ஒரு சின்னக் கட்டத்துக்குள் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். பதில் சொன்னவர் சேர்மன், அதாவது கட்டடத்தின் சொந்தக்காரர். குறித்துக்கொண்டோம், மெயிலில் பதில் வரும் என்றார். மெயிலும் வந்தது. எல்லாம் சந்தை விலையில், உரிய ஒப்புதல்களுடன் என்று ஒரே வரி.

உங்கள் விதி என்ன சொல்கிறது? ஆடிட் கமிட்டித் தலைவர் சுயாதீன இயக்குநராக இருக்க வேண்டும், பங்குதாரர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வர வேண்டும். வந்தார். பதில் சொன்னால்தானே? கணக்கு பற்றியும் சம்பந்தப்பட்ட தரப்பு பற்றியும் கேட்கப்படும் கேள்விக்கு அவரே வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும், கேள்வியும் பதிலும் எழுத்தில் கம்பெனி தளத்தில் ஏற வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அவரைத் தேர்ந்தெடுக்கிற ஓட்டில் எங்களுக்கும் பங்கு இருந்தால், அந்த வரிகூடத் தேவைப்படாமல் போகலாம்.

மொழியையும் சொல்லிவிடுகிறேன். 2020-இல் 4 கோடியைச் சுற்றி இருந்த, பங்குகளை வைத்திருக்கும் டீமேட் கணக்குகள் 2025-இல் 19 கோடியைத் தாண்டிவிட்டன. பல்லடத்திலும் பொள்ளாச்சியிலும் செல்போனில் பங்கு வாங்குகிறார்கள். வாங்குகிற ஆப் தமிழில் இருக்கிறது, ஓட்டுப் போடச் சொல்லும் நோட்டீஸ் மட்டும் வக்கீல் ஆங்கிலத்தில். புதிய பங்கு வெளியீட்டுக்கு விளக்கக் காணொளி கட்டாயம் என்று 2024-இல் சொன்னீர்கள், ஆங்கிலத்திலும் இந்தியிலும். எங்கள் பணம் மட்டும் எல்லா மொழியிலும் செல்லுபடியாகிறது. இயக்குநர் நியமனத் தீர்மானத்துக்கு, இவர் யார், புரமோட்டருக்கு எத்தனை வருடமாகத் தெரியும், வேறு எந்தெந்த போர்டில் இருக்கிறார் என்று ஒரு பக்கம் தமிழில் கொடுக்கச் சொன்னால் கம்பெனி திவாலாகிவிடாது.

இன்னொரு மனத்தாங்கல், நீங்கள் விதி போடுவதைவிட, போட்ட விதியைத் திரும்ப எடுப்பது. நீங்கள் அமைத்த கோடக் கமிட்டி 2017-இல் சேர்மன் பதவியும் எம்டி பதவியும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது என்றது. சந்தை மதிப்பில் முதல் 500 கம்பெனிகளுக்கு 2020 ஏப்ரல் என்றீர்கள், பிறகு 2022 ஏப்ரல் என்றீர்கள், தேதி நெருங்கியதும் 2022 பிப்ரவரியில் விருப்பப்பட்டவர்கள் செய்தால் போதும் என்றாக்கிவிட்டீர்கள். காரணமும் எழுதியிருந்தீர்கள், இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியும் பதவியைப் பிரித்த கம்பெனிகள் 50.4 சதவீதத்திலிருந்து 54 ஆகத்தான் ஏறியிருக்கிறது என்று. பாதிப் பேர் கடைப்பிடிக்கவில்லை என்பது விதியை எடுப்பதற்கான காரணமா, அமலாக்குவதற்கான காரணமா? இப்படி ஒரு தடவை நடந்துவிட்டால் அடுத்த விதிக்கும் கடைசி நாள் வரை சும்மா இருந்து பார்க்கலாம் என்றுதானே எல்லோருக்கும் தோன்றும்?

அரசாங்கம் புரமோட்டராக இருக்கிற கம்பெனிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே முன்னுதாரணமாக இருக்கிறார்கள். இந்தியன் ஆயில், ஓஎன்ஜிசி, கெயில் போன்ற கம்பெனிகளில் தேவையான எண்ணிக்கையில் சுயாதீன இயக்குநர்கள் இல்லை என்று காலாண்டுக்குக் காலாண்டு எக்ஸ்சேஞ்சுகள் அபராதம் போடுகின்றன. நாளுக்கு 5,000 ரூபாய், 92 நாள் காலாண்டுக்கு 4,60,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 5,42,800. இயக்குநரை நியமிப்பது அமைச்சகம், எங்கள் கையில் ஒன்றும் இல்லை, அபராதத்தைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று கம்பெனி பதில் எழுதும். அந்த 5,42,800 ரூபாயும் பங்குதாரர் பணம்தான், ஃபைல் நகராத மேசைக்காரர் பாக்கெட்டிலிருந்து போகவில்லை. டில்லியிடம் நீங்கள் இதைக் கண்டிப்பாகச் சொல்ல முடியாது என்றால் புரிகிறது. ஆனால் தனியார் புரமோட்டர்கள் அதைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள்.

நியமன முறையை மாற்றினால் மோசடி நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. பொய்க் கணக்கு எழுதத் துணிந்தவன் நல்ல போர்டையும் ஏமாற்றுவான். பங்குச் சந்தையையே நடத்துகிற என்எஸ்இயின் உள் ரகசியங்கள் ஒரு இமயமலை யோகிக்கு மெயிலில் போன கதையை உங்களுடைய 2022 பிப்ரவரி உத்தரவில்தான் நாங்கள் படித்தோம், போர்டுக்குத் தெரிந்தும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று நீங்களே அதில் எழுதியிருந்தீர்கள். அந்த போர்டிலும் பெரிய மனிதர்கள்தான் இருந்தார்கள். ஆளைப் பார்த்து நம்புவது, ஆன்லைன் தேர்வு வைத்து சுயாதீன இயக்குநர்களுக்கான டேட்டாபேங்கில் பெயர் சேர்ப்பது, இதெல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது. யாருடைய ஓட்டில் வந்தோம் என்ற நினைப்பு ஒரு மனிதரை எப்படி நடக்க வைக்கும் என்பது உள்ளாட்சித் தேர்தல் பார்த்த எவருக்கும் தெரியும். அதை மட்டும்தான் நீங்கள் இன்னும் முயன்று பார்க்கவில்லை.

எல்லாக் கம்பெனிக்கும் ஒரே நாளில் வேண்டாம். முதல் 500 கம்பெனிகளில், ஆடிட் கமிட்டித் தலைவராக வரப்போகிறவருக்கு மட்டும் 2021 அறிக்கையின் இரட்டை ஓட்டைக் கொண்டுவாருங்கள். இரண்டு ஏஜிஎம் பருவம் நடத்திப் பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு நீட்டிக்கலாம். நீட்டிக்கிற தேதியை மட்டும் ஒரு தடவை அறிவித்தால் மாற்றாதீர்கள்.

இதற்கான கலந்தாய்வு அறிக்கை வந்தால் கருத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன். தொழில் சங்கங்கள் வக்கீல் வைத்து ஐம்பது பக்கம் ஆங்கிலத்தில் அனுப்புவார்கள். நான் தமிழில் இரண்டு பக்கம் அனுப்பினால் படிக்க ஆள் வைத்திருக்கிறீர்களா என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கோயம்புத்தூரிலிருந்து ஒரு சிறு பங்குதாரர்